முப்பத்தைந்து சதவீதம்

பினாயில் அக்கா கரும்பலகையில் எண்ணைத் தப்பாக எழுதினாள்.

டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று மாதமாக இந்த அக்காவோடு இதே மல்லுக்கட்டுதான். ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்களை மேற்பார்வையாளர் பரீட்சைக்குத் தயார் செய்யும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அது. எல்லோருமே டீச்சரைவிட மூத்தவர்கள். அதில் இந்த அக்கா இருக்கிறாளே, எக்ஸ் என்று எழுதச் சொன்னால் போதும், "தண்ணியைத் தண்ணின்னே எழுதினா என்ன டீச்சர்?" என்று மல்லுக்கு நிற்பாள்.

போயும் போயும் இன்றைக்கா இப்படிச் செய்யவேண்டும்?

பயிற்சி மையத்தின் இயக்குநர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணக்கில் ஒரு பிசகைக் கண்டால் ஆளையே மாற்றிவிடுவார். பக்கத்து வகுப்பு சார் போன மாதம் அப்படித்தான் வீட்டுக்குப் போனார். டீச்சரின் வேலை நிரந்தரமாகுமா, ஆகாதா என்பதும் இன்றைக்கு அவர் கையில்தான்.

அவர் உள்ளே நுழைவதற்குச் சற்று முன்புதான் டீச்சர் கணக்கைச் சொல்லி முடித்திருந்தாள். புத்தகத்துக் கணக்குகள் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டதால், தானே எண்களை மாற்றிச் சொன்ன கணக்கு. இருபது சதவீதக் கிருமிநாசினியையும் முப்பது சதவீதக் கிருமிநாசினியையும் கலந்து, முப்பத்தைந்து சதவீதத்தில் பத்து லிட்டர் தயாரிக்க வேண்டும். எதில் எத்தனை லிட்டர்?

யாரையாவது போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றார் இயக்குநர். கூப்பிடாமலே எழுந்து வந்தாள் பினாயில் அக்கா. வந்தவள் முப்பத்தைந்துக்குப் பதில் இருபத்தைந்து என்று எழுதினாள்.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். திருத்தினால், சொன்ன எண்ணைக்கூட எழுதத் தெரியாத வகுப்பு என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அதிசயமாக, அக்கா அன்றைக்கு எக்ஸோடு சண்டை போடவில்லை. மளமளவென்று எழுதினாள். இதில் ஐந்து லிட்டர், அதில் ஐந்து லிட்டர் என்று விடை வந்தது.

இயக்குநர் மனக்கணக்காகவே சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார். "நல்லாப் புரிய வெச்சிருக்கீங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க நிரந்தரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பு கலைந்தது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் டீச்சருக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. கிளம்பிய அக்காவை நிறுத்தினாள்.

"முப்பத்தஞ்சுன்னு தொண்டை கிழியச் சொன்னேனே, காதுல விழலையா? நல்லவேளை, அவர் வர்றதுக்கு முன்னாடி கணக்கைச் சொன்னேன். இல்லேன்னா என் மானம் போயிருக்கும். வார்டுலயும் மருந்தை இப்படித்தான் கலக்கறீங்களா?"

"தப்புதான் டீச்சர். விட்டுடுங்க" என்று அக்கா பலகையை அழிக்கப் போனாள்.

டீச்சர் டஸ்டரைப் பிடுங்கிக்கொண்டாள். சரியான எண்ணை வைத்துத் தானே போடுவதாகவும், பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் சொன்னாள். இருபத்தைந்தை அழித்து முப்பத்தைந்து என்று எழுதினாள். சாக்பீஸ் கோபத்தில் விறுவிறுவென்று ஓடி, கடைசி வரியில் நின்றுவிட்டது.

எக்ஸ் = மைனஸ் 5.

மேலிருந்து மறுபடி போட்டாள். மறுபடியும் மைனஸ் ஐந்துதான். மைனஸ் ஐந்து லிட்டரை எந்த வாளியில் ஊற்றுவது?

டீச்சருக்கு முகம் வெளிறிப்போனது. அக்காவைத் திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமாக்கா?"

"இருபதையும் முப்பதையும் எப்படிக் கலந்தாலும் முப்பதைத் தாண்டுமா டீச்சர்? சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் வந்து உட்கார்ந்துட்டார். அதான் எனக்குக் காது கேட்காமப் போச்சு."