வீட்டில் எல்லோரையும்

“ரெண்டு வருஷம் ஆகும், ரஞ்சிதக்கா. பெங்களூர்ல மனசு வைத்தியம் படிக்கப் போறேன்.”

ரஞ்சிதம் பாயில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ஸ்டெல்லாமேரி வழக்கம்போல ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மத்தியான ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

1958-இல் அந்தப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மனநோய்க்கென்று டாக்டர் யாரும் இல்லை. பின்பக்கம் இந்த ஓர் அறை மட்டும் இருந்தது. பிரசவ வார்டில் இருந்த ஸ்டெல்லாமேரி, தானே கேட்டு இந்த அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு அவளோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார்கள்.

ரஞ்சிதத்துக்கு ஊர் நோணாங்குப்பம். புருஷனும் மகனும் போன படகு புயலில் திரும்பவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

இந்த மாதமும் பேசாவிட்டால் மெட்ராஸுக்கு அனுப்பிவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அனுப்பிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு நடந்தே வரும் நாத்தனாரும் இனி வரமாட்டாள்.

ஆகவே ஸ்டெல்லாமேரி தினமும் அவளிடம் பேசினாள். இப்படிச் செய்யச் சொல்லி அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பேச்சைக் கேட்டுக்கேட்டு ஒருநாள் பேச்சு வந்துவிடாதா என்று அவளாக நினைத்துக்கொண்டதுதான்.

காபியில் சர்க்கரை பற்றவில்லை என்று அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதைச் சொன்னாள். கடற்கரைக் காற்றில் தம்பி தொப்பியைப் பறக்கவிட்டதைச் சொன்னாள். அம்மா மீன்காரியோடு சண்டை போட்டுவிட்டு, மறுநாள் அவளுக்கே காபி கொடுத்ததைச் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பாள். சில நாட்களில் நர்ஸ் வந்து கூப்பிட்டால்தான் எழுந்திருப்பாள்.

இன்றைக்கும் சொன்னாள்.

“பெட்டியெல்லாம் தம்பிதான் கட்டிக் குடுத்தான். அம்மா வழிக்குன்னு புளிசோறு…”

ரஞ்சிதம் திரும்பினாள். முதல்முறையாக ஸ்டெல்லாமேரியின் முகத்தை நேராகப் பார்த்தாள். உதடுகள் இரண்டு மூன்று தடவை அசைந்த பிறகுதான் குரல் வந்தது.

“அவங்கல்லாம் எப்ப போனாங்க, பொண்ணே?”



ரஞ்சிதம் பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

“இப்டி வந்து குந்து.”

ஸ்டெல்லாமேரி ஸ்டூலை விட்டு இறங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை அழுக்காகும் என்று தோன்றவில்லை.

“போன வருஷம்,” என்றாள் மெதுவாக. “பிரான்சுக்கு. எனக்கும் கப்பல்ல எடம் போட்டிருந்தாங்க. நான்தான் ஏறல. பெட்டிகூட நானேதான் கட்டினேன்.”

ரஞ்சிதம் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை அங்கேயே இருந்தது, நர்ஸ் வந்து ரயிலை நினைவுபடுத்தும் வரை.

வாசலில் பெரிய டாக்டர் நின்றிருந்தார். வழியனுப்ப வந்தவர் அவர் ஒருவர்தான்.

“ரஞ்சிதம் பேசிட்டாங்க, சார். மெட்ராஸுக்கு அனுப்பாதீங்க.”

“நெசமாவா? என்ன பேசினா?”

ஸ்டெல்லாமேரி குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

“வீட்ல எல்லாரையும் விசாரிச்சாங்க.”