இணையத்துக்கு ஏற்ற படம்

ஈப்போவில் தனேஸ்வரன் நடத்தும் டிசைன் கடைக்குச் சேவுகன் மூன்றாவது முறையாக வந்தார்.

“என்னா தம்பி, கல்யாண வெப்சைட்டுல எம்மக படம் மங்கலா இருக்கு. மூக்கு வேற பெருசா தெரியுது!”

“வெப்சைட்டுக்குப் படத்தைச் சுருக்கணும் அங்கிள். சுருக்குனா அப்படித்தான்லா.”

“மூணு மாசத்துல ஒரே பையன்தான் கேட்டிருக்கான், பாரிட் புந்தார்லருந்து. அவனுக்காச்சும் நல்லதா ஒன்னு செஞ்சு அனுப்பு.”

“செஞ்சிடுறேன் அங்கிள்.”

அவருடைய கார் கிளம்பியதும் தனேஸ்வரன் போனை எடுத்தான்.

“நித்யா, உங்கப்பா இப்பத்தான் போறாரு. உன்னை ஒருத்தன் கேட்டுட்டானாம்.”

“அந்த மூக்கைப் பார்த்துமா? சரி, இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. நம்ம பதிவுக் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குலா.”