தரிசு என்று எழுதிய இடம்

உச்சி வெயில். கடல் வற்றி வெகுதூரம் பின்வாங்கியிருக்க, கழிமுகம் முழுதும் கருஞ்சேறாகப் பளபளக்கிறது. சேறெங்கும் ஊசி குத்தியதுபோலத் துளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஓர் உயிர் மூச்சு விட, சோப்பு நுரை உடைவதுபோன்ற மெல்லிய சத்தம் ஓயாமல் கேட்கிறது. முழங்கால் புதைய மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணியும் நாத்தனாரும் நிமிர்கிறார்கள். சேற்றோரம் முக்காலியில் கருவியை நிறுத்தி, பூட்ஸில் அழுக்குப் படாமல் நிற்கும் சர்வேயர், காகிதத்தில் எழுதியதைப் படித்துக் காட்டுகிறார்: "நீரில்லாத தரிசு. மண் கொட்டி மேடாக்கலாம்." அண்ணிக்கு ரத்தம் தலைக்கேறுகிறது.

"ஏன் சார், தண்ணி இறங்குற நேரமாப் பாத்து வந்துட்டு, தண்ணியே இல்லேன்னு எழுதுறீங்களே, நல்லாருக்கா?"

"பாத்ததைத்தாம்மா எழுத முடியும்."

"நாம வேலைக்குப் போன நேரத்துல கதவைத் தட்டிட்டு, ஆளில்லாத வீடுன்னு பூட்டிட்டுப் போற மாதிரில்ல இருக்கு அண்ணி!" என்று நாத்தனார் அவர் காதில் விழும்படி சொல்கிறாள். அண்ணி ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு வந்து அந்தக் காகிதத்தின்மேலேயே வைக்கிறாள். மூன்று மட்டி, நெளியும் புழு, கண்ணாடிபோல ஓர் இறால் குஞ்சு. "உங்க தரிசுல விளைஞ்சது. எங்க ரெண்டு வீட்டு அடுப்பும் இதுலதான் எரியுது. இதையும் பாத்தாச்சுல்ல? எழுதுங்க."

அவர் கைக்குட்டையால் காகிதத்தைத் துடைக்கிறார். அளந்து முடிப்பதற்குள் கடல் திரும்பிவிடுகிறது. துளைகள் மூடி, தண்ணீர் முக்காலியின் காலைத் தொடுகிறது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் போகிறார். தண்ணீரும் கூடவே வருகிறது.

"இப்போ தண்ணி தெரியுதா சார்?"

பூட்ஸைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடியே, அவர் 'நீரில்லாத தரிசு' என்றிருந்த அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்.