நூறு இருக்கைக்கு நூற்று நான்கு டிக்கட்

பண்டாரவளை வீட்டு முற்றத்தில், மகளின் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, விமானக் கம்பனி உத்தியோகத்தரான இத்ரூஸ் தன் திறமையை மச்சான் அலவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

“சீட் நூறுதான். ஆனா நூத்திநாலு டிக்கட் விப்போம். எப்பவும் ஏழெட்டுப் பேர் வரமாட்டாங்க. வெறும் சீட்டோட பறந்தா நட்டம்தானே?”

“எல்லாரும் வந்துட்டா?”

“முப்பது தடவைக்கு ஒரு தடவை அப்படி ஆகும். மிஞ்சுற ஆளுக்கு ஓட்டல்ல ரூமும் ரெண்டு வேளைச் சாப்பாடும் குடுத்து, மறுநாள் அனுப்புவோம். செலவு அவ்வளவுதான். இந்தக் கணக்குக்குத்தான் எனக்குப் பதவி உயர்வே கெடச்சிச்சு.”

“அந்த ஆளுக்கு வர்ற நட்டம்?”

“அது நம்ம கணக்குல வராது மச்சான்” என்று இத்ரூஸ் சிரித்தார்.

அப்போது தபால்காரர் தந்தியோடு வந்தார். டுபாயிலிருந்து மாப்பிள்ளை ஸரூக் அனுப்பியிருந்தான்.

“உங்கள் கம்பனி விமானத்தில் இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஓட்டல் வசதியாக இருக்கிறது. நாளை வருகிறேன்.”

இத்ரூஸ் தந்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பின்கட்டில் முந்நூறு பேருக்குப் புரியாணி தம்மில் இருந்தது.

“நேரமாகுது, மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க” என்றார் மௌலவி.

மருதோன்றிக் கையால் திரையை விலக்கி, மகள் றஷீனா வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.