குணமானவரின் படம்

ஸ்டெம் செல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான மேத்யூ, காசிமேட்டில் அடைக்கலமேரியின் வீட்டில் கனிவாக உட்கார்ந்திருந்தான். கனிவுக்குப் பயிற்சியே கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் தலையில் அடிபட்டு இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை என்று மருத்துவமனை கொடுத்த பட்டியலில் இருந்தது.

“பாருங்கக்கா. ஊசிக்கு முன்னாடி, ஊசிக்குப் பின்னாடி.”

கைப்பேசியில் முதல் படத்தில் மூக்கில் குழாயோடு ஒருவர் கிடந்தார். அடுத்ததில் அதே ஆள் விசைப்படகில் நின்று, வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

அடைக்கலமேரி கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“இவுரு இப்போ நடக்குறாரா?”

“கடலுக்கே போறாருக்கா.”

“பொண்டாட்டிய அடையாளம் தெரியுதா?”

“பேர் சொல்லியே கூப்பிடுறாரு.” தானே ஊசி போட்டவன் போல மேத்யூ நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் எழுந்து உள்ளறைத் திரையை விலக்கினாள். மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தார் படத்திலிருந்தவர்.

“போன வருசம் உங்க ஆஸ்பத்திரியாண்டதான் ஊசி போட்டோம். அடிபடறதுக்கு முந்தி எடுத்த போட்டோ ஒண்ணு குடுன்னாங்கோ, குடுத்தேன்.”

மேத்யூவின் கனிவு எங்கோ போய்விட்டது.

“கடலுக்குப் போற நேரமாச்சு. நீயே எழுப்பு நைனா.”