மீசைப் பந்தயம்

“ஜெசிந்தா தோத்தா என் மீசைய எடுத்துடறேன்!” என்று மாசிலாமணி மேசையைத் தட்டினான்.

லஸ் முனைக் காப்பி ஹோட்டல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று சாயங்காலம் அகில இந்திய ஸ்கேட்டிங் போட்டி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாக ஆடுவார்கள்; உள்ளூர்ப் பெண் ஜெசிந்தாவும் அதில் ஒருத்தி.

“பம்பாய் பொண்ணு ஒத்தக் கால்ல ஏழு சுத்து சுத்துது, நைனா. கத்தியத் தீட்டி வச்சுக்கோ” என்றான் அவன் சிநேகிதன் கோபால்.

“ஏழு இன்னா பெரிய ஏழு? ஜெசிந்தா ஒம்போது சுத்தும். அது ஆடுன பதினாலு ஆட்டத்தையும் பாத்தவன் நான். எந்த ஆட்டத்துக்கு இன்னா கலர் கவுனுன்னு கேளு, சொல்றேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் இட்லியைத் தொடாமல், “அவங்க நிச்சயமா ஜெயிப்பாங்களா?” என்று கேட்டான்.

“சந்தேகமே வாணாம் சார். அதுங்கூட ஆடுறானே, அந்த நெட்டைக் கம்பம், அவனாலதான் பயம். தூக்கிச் சுத்தும்போது கைய வுட்டான்னா என் மீசை போச்சு!”

“விடமாட்டான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பதினாலு ஆட்டத்துலயும் நான் ஒரு தடவைகூட விட்டதில்லையே. ஆனா இன்னிக்குக் காலையிலேருந்து கை நடுங்குது சார். இட்லியப் பிட்டு வாயில வைக்க முடியலை.”

மாசிலாமணி அந்த முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான்.

கோபால் துள்ளி எழுந்தான்.

“யாருப்பா அங்க! சாருக்கு அரை வீசை அல்வா கொண்டா, நெய் சொட்டச் சொட்ட! கூச்சப்படாம ரெண்டு கையாலயும் அள்ளி வயிறு முட்ட சாப்பிடுங்க சார், நம்ம செலவு!”