ஒட்டகம் இறங்கிய விதம்

சர்க்கஸ் முதலாளி கூடாரத்தை விட்டுவிட்டு ஓடிப்போன மறுநாளே, மிருகங்கள் அதைத் தனி நாடாக்கி, ஒட்டகத்தை ஓராண்டுக்குத் தலைவராக்கின. தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது, ஒட்டகத்துக்கும்தான். எதைக் கேட்டாலும் அது மர மேடையில் நின்று மூன்று முறை அசைபோட்டுவிட்டுத்தான் பதில் சொல்லும். ஒரே மாதத்தில் சபையில் எல்லாமே அப்படி மென்றுவிட்டுப் பேசின, அலகில் ஒன்றுமில்லாத கிளி உட்பட.

"நீ எதுக்கு மெல்லுற?" என்றது ஒட்டகம்.

"தலைவர் செய்யறதுதானே நம்ம நாட்டு வழக்கம்" என்றது கிளி.

ஆண்டு முடிந்தது. "நீங்களே இருங்க தலைவரே, உங்களை விட்டா யாரு இருக்கா?" என்று எல்லாம் கெஞ்சின. ஒட்டகத்துக்கும் மேடை பிடித்துப்போயிருந்தது; அங்கே காற்று நன்றாக வரும். சரியென்று சொல்லத்தான் அசைபோட்டது. எதிரே கிளியும் கூடவே மென்றது. இறங்காமல் இருப்பதும் வழக்கமாகிவிடுமே என்று ஒட்டகத்துக்குச் சுருக்கென்றது. திரும்ப இடமில்லாததால் பின்பக்கமாகவே இறங்கி, வெளியே போய்ப் புல் மேய்ந்தது.

அடுத்த தலைவர் கரடி. மேடையை விட அதற்கு மனசே இல்லை. ஆனாலும் ஆண்டு முடிந்த அன்று வெறும் வாயை மூன்று முறை மென்றது.

"வழக்கமாப் போச்சே, என்ன பண்றது" என்று முனகிக்கொண்டே, பின்பக்கமாக இறங்கியது.